வேற எடுங்க

என் கல்யாணத்தில் தாம்பூலப் பையைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். சாப்பிட்டுவிட்டு மண்டப வாசலுக்கு வந்தவர், பையை வாங்கிக்கொண்டு எல்லோரையும் போலச் சிரித்துவிட்டுப் போகவில்லை. அங்கேயே நின்று பையைத் திறந்தார். தேங்காயை வெளியே எடுத்து, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு அதை என் மாமியாரிடமே நீட்டினார்.

“தண்ணிச் சத்தமே இல்லியே. வேற எடுங்க.”

என் மாமியார் காங்கேயத்துப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் தேங்காய்களை அனுப்பியதே அவருடைய தம்பிதான். அத்தை வேறொரு பையை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் அதிலிருந்த தேங்காயையும் ஆட்டிப் பார்த்து, “இது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இன்றைக்கும் நான் காய்கறி வண்டிக்காரரிடம் ஒரு தக்காளியை மாற்றிக் கேட்டால் போதும், உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும். “உன்ற ஆபீஸ்காரிகிட்டப் பழகுனதாக்கும்?”

அந்த ஆபீஸ்காரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் இதையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

படிப்பு முடித்து நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் எனக்கு அடுத்த நாற்காலி. இருவருக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் இங்கே தைக்கிற ஆட்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நிறம் ஏன் வேறாக இருக்கிறது, கை ஏன் நீளமாக இருக்கிறது, பெட்டி ஏன் இன்னும் கப்பலேறவில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்கிற வேலை. அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பெற்றோர் பனியன் கம்பெனி வேலைக்காக இங்கே வந்தபோது சிறு பெண்ணாக வந்தவர். வந்து எத்தனையோ வருடமாகியும் எங்கள் பேச்சு அவர் நாக்கில் ஏறவில்லை. திட்டும்போதுகூட வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ சேர்த்துத் திட்டுகிற ஊர் இது. அவர் முதலாளியிடம் பேசினாலும் ‘ஸார்’ என்ற ஒரு சொல்லோடு மரியாதையை முடித்துக்கொள்வார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம். சரியில்லாததை வாங்க மாட்டார். டீக்கடையில் விளிம்பு உடைந்த கிளாஸ் வந்தால் டீயோடு திருப்பி அனுப்புவார். பஸ்ஸில் கண்டக்டர் கிழிந்த நோட்டைக் கொடுத்தால் நல்ல நோட்டு வரும்வரை கையை மடக்க மாட்டார். “வேற எடுங்க.” குரலை உயர்த்தமாட்டார், விளக்கமும் சொல்லமாட்டார். வேறு வரும்வரை அப்படியே நிற்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் உடம்பு கூசும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். இங்கே பாதிப் பேர் உடுத்துவது செகண்ட்ஸ். பையர் வேண்டாமென்று தள்ளிய துணிக்கு அதுதான் பெயர். ஊசி விட்ட இடம், சாயம் ஒரு சொட்டு, கழுத்துப் பட்டி கொஞ்சம் கோணல். வெளிநாட்டுக்குப் போக லாயக்கில்லாத அது, மூட்டையாகக் கடைத்தெருவுக்கு வந்து எங்கள் உடம்பில் ஏறும். என் அப்பா, அண்ணன், நான், எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. “இது அமெரிக்காவுல என்ன வெல தெரியுமா?” என்று ஒரு பெருமைகூட உண்டு.

ஒரு தீபாவளிக்குக் கம்பெனியில் ஸ்வீட் பெட்டியோடு ஆளுக்கு இரண்டு டி-ஷர்ட் கொடுத்தார்கள். ரத்தான ஆர்டரில் மிஞ்சியவை. நாங்கள் அங்கேயே பிரித்து, உடம்பில் வைத்துப் பார்த்து, நிறம் மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் ஸ்வீட் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, டி-ஷர்ட்டுகளை மடிப்புக் கலையாமல் முதலாளியின் மேசையில் வைத்தார்.

“என்னங்க அம்மிணி, சைஸ் சேரலீங்களா?” என்றார் முதலாளி.

“சைஸ் சரியாத்தான் இருக்கு ஸார். இது பையர் தள்ளுன மாலு. எனக்கும் வேண்டாம்.”

“ஷேடுதானுங்க கொஞ்சம் வித்தியாசம். கண்ணுக்கே தெரியாதுங்களே.”

“எனக்குத் தெரியுதே ஸார். அவங்க வேண்டாம்னு எழுதுன மெயிலப் படிச்சது நாந்தான.”

முதலாளி சிரித்துவிட்டார். நாங்கள்தான் சிரிக்கவில்லை. அன்று மாலை அந்த டி-ஷர்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். காலையில் தெரியவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்த நாளில் இவருக்கு மட்டும் என்ன வந்தது?

அவரைப் பிடித்தவர்கள் குறைவு. கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதால் பேச வசதியாகவும் இருந்தது. பேக்கிங்கில் வேலை பார்த்த ஒருவர் ஒருமுறை அவர் காதுபடவே, “அதே ஒரு ரிஜெக்ட் பீஸு, அது வந்து நம்மளத் தள்ளுது” என்றார். இவர் நின்று திரும்பினார்.

“என்னய செக் பண்ணுனது யாருவே? நீரா? ஒம்ம யாரு செக்கராப் போட்டா?”

அதற்குப் பிறகு பேக்கிங் பக்கம் அந்தப் பேச்சு எழவில்லை.

ஆனால் இந்தக் குணம் எப்போதும் மேலே பார்த்தே பாய்ந்தது என்று சொன்னால் பொய். ஒருமுறை குழந்தைகள் சட்டை ஒன்றில் கழுத்துப் பட்டி மிக லேசாக அலை அலையாக நின்றது. தைத்தவர்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். பிரித்துத் தைத்தால் அன்றைய கூலி போய்விடும். பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், “தீதி, பாஸ் கர் தோ”, அக்கா, பாஸ் பண்ணிவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் செக்கரே, “விடுங்க, பையரோட ஆளு இதப் பாஸ் பண்ணிருவாருங்க” என்றார்.

“அவரு பண்ணுவாரு. நா பண்ண மாட்டேன்.”

பிரித்தார்கள். அந்தப் பெண் ஊசியால் நூலை உருவும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். இவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆறுதலாக ஒரு சொல் சொல்லவும் இல்லை. அன்றைக்கு எனக்கு அவரை அறவே பிடிக்காமல் போனது. இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

எனக்கு அவர் எதையும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. நான் போட்ட அளவு அட்டவணையைக் கொண்டுபோய் நீட்டினால், ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலால் என் பக்கம் தள்ளுவார். எது தப்பு என்று சொல்லமாட்டார். நான் என் இடத்துக்குத் திரும்பி, முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பிப்பேன். சந்தேகப்படுவது எனக்குச் சுலபம். இப்போதும் பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு, அளவு சரிதானா என்று மூடியை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் நான். ஒரு கேஸ் அடுப்பு வாங்க நாலு பேரைக் கேட்பேன். நாலு பேரும் ஒன்றே சொன்னால், ஐந்தாவது ஆளைக் கேட்பேன்.

போன மாதம் என் லேப்டாப் நின்றுபோன பிறகுதான் இவரை இவ்வளவு நினைக்கிறேன்.

பாப்பாவுக்கு மூன்று வயதாகிறது. அவள் பிறந்ததோடு வேலையை விட்டவள், இப்போதுதான் பையர்களுக்காகத் துணி வாங்கிக் கொடுக்கிற ஒரு பையிங் ஆபீஸில் வீட்டிலிருந்தபடியே ஆர்டர்களைப் பின்தொடர்கிற வேலைக்கு ஒத்துக்கொண்டேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. லேப்டாப் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. “ஊட்டுலயே இருந்து பாக்கறதுதான, பாக்கட்டும்” என்றார் அத்தை. அந்தச் சொல்லில்தான் எனக்கு உறுத்தல். பாப்பா தூங்கும்போது, குக்கர் விசில் வருவதற்குள், நேரம் கிடைத்தால் பார்க்கிற வேலை என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டிருந்தார்கள். நானும் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வாரம், கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப் உள்ளுக்குள் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. சர்வீஸ் கடைக்காரர் திறந்து பார்த்தார். ஹார்ட் டிஸ்க் மட்டும் போயிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, நல்ல டிஸ்க் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும் என்றார். நல்ல டிஸ்க் எது என்று பார்க்க உட்கார்ந்தேன். போனில் படித்துக்கொண்டே போனேன். உள்ளே தட்டு சுற்றுகிற பழைய வகை இருக்கிறது. அதில் இடம் அதிகம், வேகம் குறைவு, தட்டினால் ஆபத்து. சுற்றாத புது வகை இருக்கிறது. அதே விலைக்கு இடம் பாதிதான், ஆனால் திறந்ததும் எழுந்து நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் நூறு பேர் நல்லது என்றும் பத்துப் பேர் வாங்காதே என்றும் எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பத்துப் பேரைத்தான் படித்தேன்.

அதற்குள் வீட்டில் முடிவாகிவிட்டது. என் கணவரின் அண்ணன் அனுப்பர்பாளையத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புது டிஸ்க் போட்டபோது கழற்றிய பழையவை ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தனவாம். அதில் என் லேப்டாப்புக்குப் பொருந்துகிற ஒன்றை என் கணவர் கொண்டுவந்தார். அவர் ஒரு கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோல் பார்க்கிறவர். அந்த டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சட்டையைப் பார்த்துச் சொல்வது போலவே சொன்னார்.

“கொஞ்சம் பேட் செக்டர் இருக்குது அம்மிணி. அங்கங்க எழுத முடியாத எடம். மேஜர் டிஃபெக்ட் இல்ல, மைனர்தான். பாஸ் பண்ணலாம்.”

“அந்த எடத்துல என்ற ஃபைல் இருந்தா என்னங்க பண்றது?”

“அத மார்க் பண்ணி ஒதுக்கீரலாம். துணி ரோல்ல ஓட்டை இருந்தா ஸ்டிக்கர் ஒட்டி, அத உட்டுட்டு வெட்டறதில்லையா?”

“பனியன் துணியில ஓட்டை ஸ்டிக்கர் ஒட்டுன எடத்துலயே நிக்குதுங்களா? ஒரு கண்ணி உட்டா வரிசையாப் பிரிஞ்சு ஓடுமில்லீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். டிஸ்க்கை டிவி மேசைமேல் வைத்தார். பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றிவிட்டது. அண்ணன் ஆசையாகக் கொடுத்தது. சும்மா கிடைக்கிறதை வேண்டாமென்றால் திமிர் என்பார்கள். கம்பெனி லேப்டாப்பும் இல்லை, வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதானே என்பார்கள்.

இந்த இடத்தில்தான் அந்த ஆபீஸ்காரியின் ஞாபகம் வந்தது. இதே போல ஒரு பழைய டிஸ்க்கின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் பழைய ஆபீஸில் மூன்று வரிசை. பையர் வந்தால் முதலில் கண்ணில் படுகிற முன்வரிசைக்குப் புது லேப்டாப் வரும். அவர்கள் விட்டது இரண்டாம் வரிசைக்கு. அவர்களும் விட்டது எங்களுக்கு. குழந்தைகள் பைஜாமா ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய லேப்டாப்பின் டிஸ்க் போனது. சர்வீஸ் ஆள் வந்து, அக்கவுண்ட்ஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஒரு டிஸ்க்கை மேசையில் வைத்தார். இவர் அதைக் கையிலெடுத்து லேபிளைப் படித்தார்.

“இது நல்லா ஓடுமா?”

“ஓடுமுங்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அதெப்படிங்க சொல்ல முடியும்?”

“புதுசுக்கு மட்டும் மூணு வருசம்னு அட்டையில போட்டுத் தாரீங்கள்லா?”

“அது கம்பெனிக்காரன் தர்ற வாரண்டிங்க.”

“அப்ப அத எடுங்க. பைஜாமா அனுப்புனப்பறம் இடுப்பு சுருங்குச்சுன்னா என்னயத்தான கேப்பாங்க. அன்னைக்குக் காட்ட மெயிலெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கணும்.”

விஷயம் முதலாளிக்குப் போனது. அவர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, எல்லாரும் இதுலதான வேலை செய்யறாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க?”

“அவங்க வாங்கிக்கிட்டாங்க ஸார்.”

“அடுத்த மாசம் பாத்து வாங்கித் தர்றேனுங்க.”

“சரி ஸார். அடுத்த மாசம் தொறக்கேன்.”

சொன்னபடியே செய்தார். தினமும் நேரத்துக்கு வந்தார். மூடின லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா இல்லை. போனில் பேசினார், சாயம் போடும் டையிங் யூனிட்டுக்கு நேரில் போய் வந்தார், கட்டிங் டேபிளில் நின்றார். லேப்டாப் மூடி மட்டும் திறக்கவில்லை. அவருக்கு வர வேண்டிய மெயில்கள் என் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டன. என் வேலை இரட்டிப்பானது. ஒருநாள் மதியம் தாளாமல், “அக்கா, இருக்கறத வெச்சு ஓட்டக் கூடாதுங்களா?” என்று கேட்டேன்.

“ஒனக்குக் கஷ்டமா இருந்தா அந்த மெயிலத் தொறக்காத.”

“அது எப்படீங்க்கா? ஷிப்மென்ட் நின்னுருமே.”

“நிக்கட்டுமே புள்ள. நின்னாத்தான் ஒரு டிஸ்க்குனால நின்னுச்சுன்னு தெரியும். நீ ஓட்டிக் குடுத்தா யாருக்குத் தெரியும்?”

எனக்கு அழுகை வந்தது. நான் மெயில்களைத் திறந்துகொண்டேதான் இருந்தேன். என்னால் அப்படித்தான் முடிந்தது.

கடைசியில் புது டிஸ்க் வந்தது. அட்டைப் பெட்டியின் சீல் பிரிந்திருந்தது. சர்வீஸ் ஆள், சோதித்துப் பார்க்கத் திறந்தோம் என்றார். ஆபீஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மனதுக்குள் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியும்.

“வேற எடுங்க.”

பின்னாலிருந்து யாரோ “அடச் சாமி” என்றார்கள். மறுநாள் சீல் பிரியாத பெட்டி வந்தது. நூல் வெட்டும் கத்திரியால் அவரே சீலை வெட்டினார். சர்வீஸ் ஆள் அதை மாட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல, “அந்த பைஜாமா மெயிலெல்லாம் இங்கிட்டு அனுப்பு” என்றார் என்னிடம்.

அவர் ஜெயித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடம் சம்பள உயர்வில் அவர் பெயர் இல்லை. இடத்தை மாற்றி, கோடவுன் கதவுக்குப் பக்கத்தில், ஃபேன் காற்று எட்டாத மூலையில் போட்டார்கள். அந்த மூலையையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அவர் போன வாரமே அந்தப் புது டிஸ்க்கைக் கழற்றி முன்வரிசை லேப்டாப் ஒன்றில் மாட்டினார்கள். மனசு கேட்காமல் போனில் அவரிடம் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப நல்ல டிஸ்க்குதான்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.”

அதற்குப் பிறகு என் கல்யாணத்துக்குத்தான் வந்தார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. பல்லடம் பக்கம் ஒரு கம்பெனியில் என்கிறார்கள், கோவையில் என்கிறார்கள். அழைத்துப் பேசினால் என்னை ஞாபகம் இருக்குமா என்பதும் சந்தேகம்தான். நான் அவர் மாதிரி ஆக முடியாது, ஆகவும் ஆசையில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க, அட்டைப் பெட்டியிலிருந்து வந்த டிஸ்க் எங்கள் டிவி மேசைமேல் கிடந்தபோது, அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மூடின லேப்டாப் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். கை கழுவி உட்கார்ந்தவர் கேட்டார்.

“ஏங்கண்ணு, டிஸ்க்கு போட்டாச்சா?”

“இல்லீங் மாமா. நான் வேற வாங்கிக்கறேனுங்க.”

அத்தை கரண்டியை நிறுத்தினார். என் கணவர் இலையைப் பார்த்தார்.

“ஏன், நம்முளுது என்ன கெட்டுப்போச்சு?”

“கெட்டுப்போகலீங்க. உங்க ஆபீஸ்ல அத ஏனுங்க கழட்டுனீங்க?”

“அது ஸ்லோவா இருந்துச்சு. புள்ளைக வேலை செய்ய முடியலைன்னுதுக. அதனால புதுசு போட்டோம்.”

“எனக்கும் அதேதானுங்க மாமா.”

அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முழுதாக வரவில்லை. அத்தைதான் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். “அது ஆபீஸு கண்ணு. நீ ஊட்டுல உக்காந்து பாக்கறது.”

நான் அந்த டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டு, அண்ணன் கிளம்பும்போது அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். “உங்க இஷ்டமுங்க” என்றார். அந்த ‘ங்க’வில் இருந்த தூரம் எனக்குப் புரிந்தது. என்னை எப்போதும் ‘கண்ணு’ என்று மட்டுமே அழைத்தவர் அவர்.

அன்று மாலை என் கணவரும் நானும் லேப்டாப்பையும் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கணவரைத்தான் பார்த்தார்.

“ஊட்டு யூஸுங்களா, ஆபீஸ் யூஸுங்களா?”

“ஊட்டு யூஸ்தானுங்க” என்றார் இவர்.

கடைக்காரர் சுற்றுகிற வகையில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். “அப்ப இது தாராளமுங்க. எடமும் நெறைய. பாட்டு, படம், போட்டோ எல்லாம் போட்டுக்கலாம்.”

“ஆபீஸ் யூஸுங்க” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். பாப்பா என் தோளில் கனத்தாள்.

“காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடோணுங்க. சுத்தாததுல, வாரண்டி அதிகமா இருக்கறது எதுங்க?”

அவர் வேறொரு சின்னப் பெட்டியை எடுத்தார். என் கணவர் மெதுவாக, “இதுல பாதி எடந்தான அம்மிணி இருக்குது?” என்றார். கோபமில்லை, கணக்குத்தான். போதுமா போதாதா என்று அந்த நிமிடம்கூட எனக்கு உறுதியாகத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பெரியதை வாங்கியிருக்கலாமோ, வேறு கம்பெனியைப் பார்த்திருக்கலாமோ, அந்தப் பத்துப் பேர் எழுதியது உண்மையாகிவிட்டால் என்ன செய்வது என்று வண்டியின் பின்னால் உட்கார்ந்து குமைந்துகொண்டேதான் வந்தேன். ஆனால் கடையில், “போதுமுங்க, இதையே போட்டுருங்க” என்று சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் படுக்கையறை ஜன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். மூடியைத் திறந்ததும் திரை வந்தது. சாமளாபுரம் பக்கமிருந்து வர வேண்டிய துணி ஒன்று ஏன் தாமதம் என்று முதல் மெயிலே கேட்டது. ஆலைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டு, பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பத்தரை இருக்கும், அத்தை பாப்பாவோடு கதவருகே வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார்.

“கண்ணு, பாப்பாவப் புடி. பக்கத்தூட்டுல எல்லாருங் கோயிலுக்குப் போறாங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன்.”

“இப்ப முடியாதுங்க அத்தை.”

“என்ன முடியாது? அத மூடி வெச்சுட்டு அப்பறம் பாரேன்.”

“ஆறு மணிக்குத்தானுங்க மூடுவேன். அதுக்கப்பறம் நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க.”

அத்தை என்னை, பிறகு லேப்டாப்பை, மறுபடி என்னைப் பார்த்தார். பாப்பா என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். நான் எழப்போவதில்லை என்று தெரிந்ததும் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள். என் உடம்பு முழுக்க நாற்காலியைவிட்டு எழத் துடித்தது. பாலுக்கு அழுகிறாளா, தூக்கத்துக்கா, காலையில் இட்லி சரியாகச் சாப்பிட்டாளா என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓடியது. நான் என்ன மாதிரி அம்மா என்றும் ஓடியது.

அத்தை பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வாசலில் போய் யாரிடமோ, “நீங்க போங்க, என்னால இப்ப வர முடியாது. மருமக வேலைல இருக்கறா” என்று சொல்வது கேட்டது. குரலில் எரிச்சல் இருந்தது. சொல் சரியாக இருந்தது.

நான் பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்து, மெயிலை அனுப்பினேன்.